கம்பி தொடாதோர் கழகம்

மனித குலத்தின் நெடிய வரலாற்றில் அச்சத்தை அடியோடு வென்றவர்கள் வெகு சிலரே. அவர்களுள் ஒருவர், மொன்டானாவின் கோல்டர் க்ரீக் என்ற சிற்றூரில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்த டெல்பர்ட் ஹோவ்லேண்ட். நாற்பது பனிக்காலங்களாக மியூல்பேக் மலையில் இரும்புக் கயிற்றில் தொங்கியபடி நகரும் லிஃப்ட் நாற்காலியில் ஏறிப் போய், பனிச்சறுக்கில் இறங்கி வருகிறவர். இத்தனை காலத்தில் ஒருமுறைகூட அந்த நாற்காலியின் பாதுகாப்புக் கம்பியை அவர் இறக்கியதில்லை. இதை அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

உயரம் என்றாலே அவருக்குப் பயம். அதை மட்டும் அவர் சொன்னதில்லை.

கம்பி விஷயத்தில் அமெரிக்கா இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கிழக்கே வெர்மான்ட் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்ததுமே தலைக்கு மேல் மடிந்திருக்கும் கம்பியைப் பிடித்து இழுத்து மடிக்குக் குறுக்கே போட்டுக்கொள்வார்கள். அங்கே அது சட்டம். மேற்கத்தி மலைக்காரர்களுக்கோ அது மானப் பிரச்சினை. காலில் சறுக்குக் கட்டைகள் கனத்துத் தொங்க, கீழே பாதாளம் வாய் பிளந்திருக்க, காற்று நாற்காலியைத் தொட்டில்போல் ஆட்ட, கையைக் கட்டிக்கொண்டு போகிறவன்தான் ஆண்பிள்ளை. கம்பி என்பது குழந்தைகளுக்கும் வக்கீல்களுக்கும் டெக்ஸஸிலிருந்து வருகிறவர்களுக்கும் உரியது என்பதில் கோல்டர் க்ரீக்கில் இரண்டாவது கருத்தே கிடையாது.

இந்த வீரத்தைக் கட்டிக்காக்கத்தான் கம்பி தொடாதோர் கழகம் உருவானது. கழகத்துக்குக் கொடி உண்டு, உறுதிமொழி உண்டு, மதுக்கடையின் பின்னறையில் ஆண்டுதோறும் பொதுக்குழு உண்டு. சட்டவிதி ஒன்றே ஒன்றுதான்: கம்பியைக் கையால் தொட்டவர் தொட்ட கணமே உறுப்பினர் பதவியை இழப்பார். தொட்டவர் தலைவராக இருந்தால் தலைமை துணைத் தலைவரிடம் போய்விடும். தலைவர் டெல்பர்ட். துணைத் தலைவர் மெர்ல் டான்ஸ்லி, மாட்டுத் தீவன வியாபாரி. கழகம் பிறந்த நாளிலிருந்தே மெர்ல் துணைத் தலைவர்தான். அந்தத் 'துணை' அவர் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது.

உயரத்தைக் கண்டு நடுங்குகிறவர் இத்தனை ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்? அதற்குப் பழைய லிஃப்டைத்தான் கும்பிட வேண்டும். அது இரண்டு பேர் உட்காரும் நாற்காலி. மேலே ஓடும் இரும்புக் கயிற்றிலிருந்து இறங்கும் ஒற்றைத் தண்டு, இரண்டு பேருக்கும் நடுவே இருக்கையைத் துளைத்துக்கொண்டு போகும். டெல்பர்ட் அந்தத் தண்டில் இடது கையைக் கோத்துக்கொள்வார், பழைய சிநேகிதன் தோளில் கை போடுகிற தோரணையில். முகத்தில் கண்ணாடிபோல் மின்னும் பனிக்கண்ணாடி. பார்க்கிறவருக்குத் தன் முகம்தான் அதில் தெரியும். உள்ளே டெல்பர்ட் கண்ணை இறுக மூடியிருப்பது தெரியாது. அந்தப் பக்கம் மெர்லும் வலது கையை அதே தண்டில் போட்டிருப்பார். வைக்கோல் கட்டு விழுந்து பழுதான தோள், எங்காவது சாய்த்து வைத்தால்தான் வலி அடங்கும் என்பார் மெர்ல். பாவம் என்று நினைத்துக்கொள்வார் டெல்பர்ட்.

அந்தப் பழைய லிஃப்டைத்தான் இந்தக் கோடையில் கழற்றிப் போட்டுவிட்டார்கள். புதிதாக நின்றது நான்கு பேர் உட்காரும் நாற்காலி. நடுத்தண்டு இல்லை. இரண்டு ஓரங்களிலும் வளைந்து மேலே ஏறும் இரும்புச் சட்டம் மட்டும் இருந்தது. டெல்பர்ட் இலையுதிர் காலத்திலேயே தனியாக வந்து, மாதிரிக்கு நிறுத்தி வைத்திருந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஓரச் சட்டத்தில் கையைக் கோத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஓரம் கிடைத்தால் போதும், கழகம் பிழைத்துக்கொள்ளும்.

பருவத்தின் முதல் நாள் வந்தது.

முந்திய நாள் முழுக்கக் கொட்டிய பனி, முழங்காலுக்கு மேல் மாவாகக் கிடந்தது. விடிந்ததுமே ஊர் மொத்தமும் அடிவாரத்தில் திரண்டுவிட்டது. மாட்டு மணிகளை ஆட்டினார்கள். நாய்கள் பனியில் புரண்டன. பள்ளிக்கூட பாண்டு வாத்தியம் குளிரில் சுதி பிசகிக் கதறியது. கிழிந்த ஜாக்கெட்டில் வெள்ளி நிறத்து ஒட்டுப் பட்டையை ஒட்டிக்கொண்டு வந்தவர்கள், புது ஜாக்கெட்டில் வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். முதல் நாளின் முதல் நாற்காலியில் ஏறுவதென்றால் அந்த ஊரில் சாதாரண விஷயமா? அதற்காகக் கூடாரம் போட்டுக் காத்துக் கிடந்தவர்கள் உண்டு, மூக்கு உடைந்தவர்கள் உண்டு. இந்த முறை சண்டைக்கே இடமில்லை. புது லிஃப்டின் முதல் நாற்காலி கம்பி தொடாதோர் கழகத் தலைவருக்கு என்று மலை நிர்வாகி முன்னமே அறிவித்துவிட்டார்.

நிர்வாகி ஷான்டால் பெல்ரோஸ், வெர்மான்ட்காரி. வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், மதுக்கடை நாற்காலியாக இருந்தாலும்கூட, அவர் கை தானாகத் தலைக்கு மேல் போகிறது என்று ஊர் கேலி பேசியது. முதல் நாள் கழிந்ததும் எல்லோரும் கம்பியை இறக்கியே ஆக வேண்டும், இன்சூரன்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள் என்று அந்தம்மா பலகை எழுதி வைத்தபோது ஊர் கொதித்துப்போனது. கொதிப்பை அடக்கத்தான் இந்த மரியாதை: முதல் சவாரி மட்டும் கழகத்தின் வழக்கப்படி.

அடிவாரத்தில் அப்பம் சுட்டுப் போட்டார்கள். மொன்டானாக்காரர்கள் அப்பத்தின் மேல் ஊற்றுவது காட்டு ஹக்கிள்பெரிப் பழப் பாகு. ஷான்டால் தன் ஊரிலிருந்து டின் டின்னாக மேப்பிள் மரத்துப் பாகு வரவழைத்திருந்தார். டெல்பர்ட் எல்லோர் காதிலும் விழும்படி, "மரத்தோட மூத்திரத்தை மனுஷன் திம்பானா?" என்றார். பிறகு யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அதையே தட்டு நிறைய ஊற்றிக்கொண்டார்.

அந்த வேளையில்தான் கழகத்தார் சூழ்ந்துகொண்டு புதுக் கையுறைகளை அவருக்கு அணிவித்தார்கள். எல்க் மான் தோல், பளீரென்ற மஞ்சள். இடது கையில் 'டெல்பர்ட்' என்றும் வலது கையில் 'தலைவர்' என்றும் சிவப்பு நூலில் தைத்திருந்தது. புகைப்படம் எடுக்கிறவர்கள் ஓயவில்லை. டெல்பர்ட்டும் கையுறையைக் கழற்ற மனமில்லாமல் கையுறையோடேயே அப்பத்தைப் பிய்த்துத் தின்றார். பாகு விரல் வழியே வழிந்தது. அதைப் பொருட்படுத்தும் நிலையில் அவர் இல்லை.

"என்ன தலைவரே, ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்றார் மெர்ல்.

"எனக்கென்னய்யா? கட்டை மாதிரி தூங்கினேன்."

"உம் பொண்டாட்டி வேற மாதிரி சொன்னாளே. சமையலறையில நாலு நாற்காலிய வரிசையாப் போட்டு உக்காந்து உக்காந்து பாத்தியாமே?"

"அவளுக்குக் கனவு கண்டு உளறுற பழக்கம் உண்டு. நீ போய்த் தீவனத்தை அளந்து போடு, போ."

வரிசை நகர்ந்தது. லிஃப்டின் அடியில் லொரெட்டா நின்றுகொண்டிருந்தாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். இருபது வருடமாக அந்த ஊரை லிஃப்டில் ஏற்றி அனுப்புகிறவள். முதல் நாற்காலிக்கு நான்கு பேர்: டெல்பர்ட், மெர்ல், ஷான்டால், உள்ளூர் வானொலியிலிருந்து நேரடி ஒலிபரப்புக்கு வந்திருந்த ராய்ஸ். ராய்ஸ் கையில் நாய்க்குட்டி அளவுக்கு ரோமம் போர்த்திய மைக்.

டெல்பர்ட் ஓரத்தைக் குறிவைத்து வேகமாகச் சறுக்கிப் போனார். போய்ப் பார்த்தால் இடது ஓரத்தில் மெர்ல் கட்டையை ஊன்றி, வேரே விட்டதுபோல் நின்றிருந்தார். சடாரென வலது ஓரத்துக்குத் திரும்பினார். அங்கே மைக் வயரோடு ராய்ஸ்.

"நீங்க நடுவுல, ஹோவ்லேண்ட் சார்," என்றார் ஷான்டால். "உங்களுக்குன்னே வெச்ச இடம்."

"எனக்கு ஓரமே போதும்மா. நான் எளிமையான ஆளு."

"தலைவர் ஓரத்துல உக்காரறதா?" என்று பதறினார் மெர்ல். பதற்றத்தில் அப்படியொரு ஆனந்தம். "ஊர் என்ன பேசும்? நடுவுல தலைவரே, நடுவுல!"

"நடுவுல! நடுவுல!" என்று ஊரே பிடித்துக்கொண்டது. மணிகள் அதே தாளத்தில் அடித்தன. பேசாமல் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து நழுவிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் காலில் ஆறடிக் கட்டையும் கையில் மஞ்சள் கையுறையுமாக எங்கே கலப்பது?

டெல்பர்ட் நடுவில் போய் நின்றார், ஒரு பக்கம் மெர்ல், இன்னொரு பக்கம் ஷான்டால். முதுகுக்குப் பின்னால் நாற்காலி வருகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. டெல்பர்ட் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"பின்னால தள்ளி உக்காருய்யா டெல்!" என்று லொரெட்டா கத்தினாள். "இடுப்பு முதுகுச் சாய்மானத்துல ஒட்டணும்! கைய அப்புறம் ஆட்டு!"

நாற்காலி முழங்காலின் பின்னால் மோதியது. டெல்பர்ட் உட்கார்ந்தார், ஆனால் பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் நாலாவதாக ஒட்டிக்கொள்கிறவனைப்போல் விளிம்பில் உட்கார்ந்தார். ஆட்டிய கை கீழே இறங்குவதற்குள் தரை போய்விட்டது.

"கம்பி வேண்டாம்! கம்பி வேண்டாம்!" கீழே ஊரே கோஷம் போட்டது. நாற்காலி கம்பீரமாக மேலே ஏறியது.

இருக்கை புத்தம் புதிய நீல நிற வினைல். அதன்மேல் விடியற்காலையில் உறைந்த பனி, கண்ணாடிபோல் ஒரு படலம். சறுக்குக் கட்டைகளின் கனம் இரண்டு காலையும் கீழே இழுத்தது. பின்னால் நகர வேண்டுமானால் எதையாவது பிடித்து உந்த வேண்டும். பிடிக்க ஒன்றுமில்லை. இருந்த ஒரே பொருள் தலைக்கு மேல் மடிந்திருந்த கம்பி. டெல்பர்ட் தொடைகளுக்கு நடுவே இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

"நேயர்களே!" என்று ராய்ஸ் உற்சாகத்தில் எகிறினான். "வரலாறு ஏறிக்கிட்டு இருக்கு! என் பக்கத்துல ஷான்டால் மேடம், அவங்க பக்கத்துல நம்ம டெல்பர்ட் ஹோவ்லேண்ட்! கம்பியே இல்லாம! டெல், எப்படி இருக்கு?"

"சுதந்திரம்," என்றார் டெல்பர்ட். குரல் கொஞ்சம் மெல்லிசாக வந்தது. "மனுஷன் சுதந்திரமாப் பொறந்தவன். அவன் மடியில கம்பிய வெக்கிறதுக்கு எவனுக்கும் உரிமையில்ல."

"அப்படிச் சொல்லுங்க! இங்கேருந்து பாத்தா என்ன தெரியுது? நேயர்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

டெல்பர்ட் கண்ணைத் திறக்கவில்லை. "என்ன தெரியலன்னு கேளு. அதோ நம்ம ஒத்தைப் பைன் மரம். நாற்பது வருஷமா என்னைப் பாத்து ஏறி வான்னு கூப்பிடுற மரம். கிளையெல்லாம் பனி. அடடா!"

ராய்ஸ் மைக்கைச் சற்று விலக்கிப் பிடித்தான். "டெல், அந்த மரத்தை வெட்டிப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே. அது நின்ன எடத்துல இப்ப லிஃப்டோட தூண்தானே நிக்குது."

மெர்ல் கனைத்தார்.

"மனக்கண்ணால பாக்கறேன்டா," என்றார் டெல்பர்ட். "மரத்தை வெட்டலாம். நினைவை வெட்ட முடியுமா?"

அப்போது லிஃப்ட் நின்றது.

நின்றது என்றால் பதவிசாக நிற்கவில்லை. கயிறு ஒரு குதி குதித்தது, நாற்காலி முன்னும் பின்னும் ஊஞ்சலாடியது. டெல்பர்ட்டின் பின்புறம் விரல்கடை அளவு முன்னே வழுக்கியது. ஷான்டாலின் வாக்கிடாக்கியில் லொரெட்டாவின் குரல் கரகரத்தது.

"மேடம், ரெண்டாவது நாற்காலியில ஏறும்போது மேயர் விழுந்துட்டாரு. டியூபாவோட."

"டியூபாவோடயா?"

"ஊதிக்கிட்டே ஏறுவேன்னு அடம் புடிச்சாரு. அடி ஒண்ணும் இல்ல, ஆனா தலை அந்தப் பித்தளைக் கொம்போட வாய்க்குள்ள மாட்டிக்கிச்சு. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

நாற்காலி தொங்கிய இடம் செத்தமாட்டுப் பள்ளத்துக்கு நேர் மேலே. மலையில் அதைவிட ஆழமான இடம் கிடையாது. டெல்பர்ட் கண்ணைத் திறந்தார், வேறு வழியில்லாமல். நாற்பது ஆண்டுகளில் அந்த மலையை அவர் நாற்காலியிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாறைகள் பனியைத் தலையில் சுமந்து நின்றன. நடுவே கருப்பு நூல்போல் ஓடை ஓடியது. எல்க் மான்களின் குளம்புத் தடம் ஒன்று சரிவில் தைத்ததுபோல் போயிற்று. எல்லாம் பொம்மை அளவில் இருந்தன. அழகாகத்தான் இருந்தது, அந்த அழகு அவருடைய காலுக்குக் கீழே இருந்ததுதான் கொடுமை.

காற்று எழுந்தது. இன்னொரு விரல்கடை வழுக்கியது.

தலைவர் பதவியா, உயிரா என்ற கேள்வி அவர் முன்னால் வந்து நின்றது. இரண்டும் மிஞ்சும்படி ஒரு வழி இருக்கும் என்று அவருடைய அரசியல் மூளை பரபரத்தது.

"அம்மா," என்றார் ஷான்டாலிடம், மிகுந்த கருணையோடு. "நீங்க புதுசு. காத்து பலமா இருக்கு. பயமா இருந்தா கூச்சப்படாம சொல்லுங்க. பொம்பளைங்களுக்காகக் கம்பிய இறக்கினா கழகம் தப்பா எடுத்துக்காது."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். மூணு வயசுலேருந்து நாற்காலியில போறேன்," என்றார் ஷான்டால். "நான் உங்க கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். நீங்களா ஒரு வார்த்தை சொன்னா உடனே இறக்கறேன். நானா உங்க மானத்துல கை வெக்க மாட்டேன்."

"இன்சூரன்ஸ்காரங்க என்ன சொல்வாங்களோ..."

"அது நாளையிலேருந்துதானே?"

டெல்பர்ட் வேறு கதவைத் தட்டினார். "ராய்ஸு, உன் மைக்கு விலை அதிகமாச்சே. கை தவறிக் கீழ போயிடப் போகுதுடா. உனக்காக வேணும்னா..."

"கழுத்துல மாட்டியிருக்கேன் டெல். கவலைப்படாதீங்க."

"மெர்ல்! உன் தோள்பட்டை எப்படி இருக்கு? குளிர்ல ரொம்ப வலிக்குமே. உனக்காகக் கம்பி..."

"எனக்கு சொகமா இருக்கு," என்றார் மெர்ல். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் பாதி சொல்தான் வெளியே வந்தது.

டெல்பர்ட் திரும்பிப் பார்த்தார். மெர்லின் வலது தோள்தான் பழுது. ஆனால் இப்போது இடது கை ஓரச் சட்டத்தைச் சுற்றி வளைத்து, அதன் விரல்கள் ஜாக்கெட்டின் மார்புப் பட்டையை வந்து கவ்வியிருந்தன. முகம் அப்ப மாவு நிறத்தில் இருந்தது. அந்தப் பிடி டெல்பர்ட்டுக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய பிடி.

"டேய், உனக்குப் பழுது வலது தோளுதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப இடது கை ஏன்டா சட்டத்தைக் கட்டிப் புடிச்சிருக்கு? வலி எடம் மாறிடுச்சா?"

மெர்ல் சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நாற்பது வருஷம்! பழைய நாற்காலியில உங் கை தண்டுல கெடந்தது இதுக்குத்தானா? வைக்கோல் கட்டு, தோள்பட்டைன்னு என்ன கதையெல்லாம் விட்ட! நான் உனக்காகப் பரிதாபப்பட்டிருக்கேன்டா!"

"நீ மட்டும் ஏன் தண்டைப் புடிச்ச?"

"நான்... சும்மா. நட்புக்காகப் புடிச்சேன்."

"நட்பா? என் கை எலும்பு நொறுங்கற மாதிரியா நட்பு வெப்பாங்க? ஒரு வருஷம் உன் நகம் பட்டுத் தையல் போட்டேன்யா!"

ராய்ஸ் மைக்கை ஷான்டாலுக்கும் மேலே நீட்டியிருந்ததை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். அவன் கண்கள் ஆனந்தத்தில் பளபளத்தன. "நேயர்களே," என்று மெல்லக் கிசுகிசுத்தான், "யாரும் வேற அலைவரிசைக்குப் போயிடாதீங்க."

கீழே அடிவாரத்தின் ஒலிபெருக்கியில் இதே கிசுகிசுப்பு ஊருக்கெல்லாம் கேட்டது. மணிச் சத்தம் நின்றிருந்தது.

காற்று இம்முறை சும்மா எழவில்லை. பள்ளத்தின் அடியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்து நாற்காலியின் வயிற்றில் ஓங்கி ஒரு தள்ளு. டெல்பர்ட்டின் ஒரு பக்கத்துப் பின்புறம் இருக்கையை விட்டு விலகியது. கால் கட்டைகள் காற்றில் துழாவின. போயிற்று என்று நினைத்தார். ஆனால் போகவில்லை. இடுப்பு வாரை யாரோ பின்னாலிருந்து பற்றியிருந்தார்கள்.

"ஏறினதுலேருந்து புடிச்சுக்கிட்டுதான் இருக்கேன் சார்," என்றார் ஷான்டால், மூச்சு வாங்க. "ஆனா கை மரத்துப் போச்சு. இன்னும் ரொம்ப நேரம் தாங்காது. சொல்றீங்களா, எப்படி?"

"இறக்கு!" என்று அலறினார் டெல்பர்ட். மலை அதைத் திருப்பிச் சொன்னது. ஒலிபெருக்கி அதையும் சேர்த்துச் சொன்னது. "இறக்கும்மா தாயே, இறக்கு!"

"தலைய பாத்துக்குங்க!" என்று வெர்மான்ட்காரர்கள் வழக்கமாகக் கொடுக்கும் எச்சரிக்கையைக் கொடுத்து, ஷான்டால் கம்பியைப் பிடித்து இழுத்தார்.

"கேட்டுட்டான்! வாயத் தொறந்து கேட்டுட்டான்!" மெர்ல் தன்னை மறந்தார். "ஊரே கேட்டுச்சு! நான்தான் தலைவர்! நான்தான்..." இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். தூக்கிய கைகளில் ஒன்று ஓரச் சட்டத்தைப் பிடித்திருந்த கை. வினைல் இருக்கை அவரையும் விட்டுவைக்கவில்லை. சர்ரென்று வழுக்கினார். இறங்கிக்கொண்டிருந்த கம்பி அவர் தலைக்கவசத்தில் ஒரு குட்டு வைத்து, அப்படியே மார்புக்கு வந்து நின்றது. மெர்ல் அதைப் பெற்ற தாயைக் கட்டிக்கொள்வதுபோல் கட்டிக்கொண்டார். அவர் பக்கத்தில் டெல்பர்ட் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கிய கம்பியில் சிக்கி மைக் வயர் பிடுங்கிக்கொள்ள, ஒலிபரப்பு அறுந்துபோன ராய்ஸ் குனிந்து வயரோடு மல்லாடத் தொடங்கினான். பிறகு:

"நீ கம்பியத் தொட்டுட்ட," என்றார் டெல்பர்ட்.

"நீ முதல்ல தொட்ட."

"நான் வாயாலதான் கேட்டேன். விதியில கையாலன்னு இருக்கு. முதல்ல கைய வெச்சது நீ."

"உன் கை இப்ப எங்க இருக்கு?"

டெல்பர்ட் பார்த்தார். 'டெல்பர்ட்', 'தலைவர்' இரண்டும் கம்பியை இறுகப் பற்றியிருந்தன. "இது... உனக்கு முட்டுக் குடுக்கத்தான் புடிச்சிருக்கேன். நீ எடு, நானும் எடுக்கறேன்."

"நீ முதல்ல எடு."

"முதல்ல எடுக்கறவன்தான் புடிச்சிருந்ததை ஒத்துக்கறவன். நான் எடுக்க மாட்டேன்."

மேயரின் தலை டியூபாவிலிருந்து வெளியே வந்ததும் லிஃப்ட் மறுபடி கிளம்பியது. கழகச் சட்டத்தின் நுணுக்கங்களை விவாதித்தபடியே முதல் நாற்காலி உச்சியை நெருங்கியது. 'கம்பியைத் தூக்கவும்' என்ற பலகை வந்தது.

"கைய எடுங்க, கம்பியத் தூக்கணும்," என்றார் ஷான்டால்.

"அவனை எடுக்கச் சொல்லுங்க."

"அவனை எடுக்கச் சொல்லுங்க மேடம்."

"ரெண்டு பேரும் எடுங்க! இறங்கற எடம் வந்துடுச்சு!"

இருவரும் எடுக்கவில்லை. மேலே நின்ற ஊழியர் முதல் நாற்காலியைக் கண்ட பரவசத்தில் கைதட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தும் பொத்தானை நினைத்துக்கொள்வதற்குள் இறங்குமேடை கடந்துவிட்டது. நாற்காலி பெரிய சக்கரத்தைச் சுற்றித் திரும்பி, மூக்கை அடிவாரத்தின் பக்கம் வைத்து நின்றது. ஷான்டால் நெற்றியைத் தடவிக்கொண்டு வாக்கிடாக்கியை எடுத்தார். "பரவால்ல, விடுங்க. இப்படியே கீழ வந்துடறோம்."

மியூல்பேக் மலையின் வரலாற்றில், முதல் நாற்காலியில் மேலே போனவர்கள் அதே நாற்காலியில் கீழே வந்தது அதுவே முதல் தடவை.

எதிர்ப்பக்கம் அடுத்தடுத்த நாற்காலிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் கழகத்தார். முதல் நாற்காலியைக் கண்டதும் அவர்கள் திடீரென்று மேகத்தையும் மரத்தையும் ரசிக்கத் தொடங்கினார்கள். பொருளாளர் கடந்து போனார். மடியில் கம்பி இருந்தது. செயலாளர் கடந்து போனார். மடியில் கம்பி, அதன்மேல் கழகக் கொடி விரித்திருந்தது. கொள்கை பரப்பு ஆசாமி கம்பியின் கால்தாங்கியில் சுகமாகக் காலை நீட்டியிருந்தார். கடைசி நாற்காலிவரை ஒருவர் விடாமல் கம்பியை இறக்கியிருந்தார்கள்.

"அடப் பாவிகளா," என்று முனகினார் மெர்ல். "எல்லாருமே தண்டு கோஷ்டிதானா?"

அடிவாரம் நெருங்கியது. கூட்டம் அண்ணாந்து பார்த்தபடி அமைதியாக நின்றது. பாண்டு வாத்தியத்துக்கு என்ன வாசிப்பது என்று தெரியவில்லை. டெல்பர்ட் அதற்குள் தெளிந்துவிட்டிருந்தார். தரை கண்ணில் பட்டதுமே அவருக்கு எப்போதும் தைரியம் வந்துவிடும். விதியை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கேட்டது வாய். கையைப் பார்த்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தி வெர்மான்ட்காரி, இன்னொருவன் பதவி ஆசை பிடித்தவன். ராய்ஸோ பிடுங்கிய வயரைவிட்டுத் தலை நிமிரவில்லை, அவன் மைக்குக்குக் காது உண்டு, கண் கிடையாது. இன்னும் குடிமுழுகிப் போகவில்லை.

லொரெட்டா லிஃப்டை நிறுத்தினாள். ஷான்டாலும் ராய்ஸும் சேர்ந்து கம்பியை மேலே தள்ளினார்கள். கம்பியோடு சேர்ந்து டெல்பர்ட்டின் இரண்டு கைகளும் மேலே போயின. அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பனியில் சறுக்கி இறங்கினார்.

"தொட்டாரு!" என்று மெர்ல் அந்தப் பக்கமிருந்து கூவினார். "தலைவர் கம்பியத் தொட்டாரு! நான் என் கண்ணால பாத்தேன்!"

டெல்பர்ட் கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார்.

"ஊர் மக்களே! இதோ என் கை! இந்த நாற்பது வருஷத்துல இந்தக் கை ஒரு தடவையாவது அந்தக் கம்பியைத் தொட்டிருந்தா, நான் இன்னைக்கே, இந்த எடத்துலயே பதவியத் தூக்கி எறியறேன்!"

தூக்கிய கைகள் வெறுங்கைகளாக, குளிரில் இளஞ்சிவப்பாக இருந்தன. ஊர் அவற்றைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே பார்த்தது. அவரும் ஊர் பார்த்த திசையில் திரும்பினார்.

மேப்பிள் பாகு நல்ல குளிரில் எதனோடும் ஒட்டிக்கொள்ளும். 'டெல்பர்ட்' இடப்பக்கமும் 'தலைவர்' வலப்பக்கமுமாக, விரல்களை மடக்கிக் கம்பியை இறுகப் பிடித்தபடி, மஞ்சள் கையுறைகள் இரண்டும் முதல் நாற்காலியிலேயே இருந்தன. லொரெட்டா பொத்தானை அழுத்தினாள். அவை மறுபடியும் மேலே போயின. சாயங்காலம் லிஃப்டை நிறுத்தும்வரை, ஊரின் தலைக்கு மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன.